சாலை வகுத்த தாமஸ் மக்டொனால்ட்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை ஓடும் பெருஞ்சாலைகளைப் பற்றிக் கேள்வியுறாதார் நம்மில் இலர். பிள்ளைகளை அந்நாட்டிற்கு அனுப்பியுள்ள பெற்றோர் நம் குடியிருப்பிலேயே பலர் உளர். அங்குச் சென்று திரும்புவோர் வியந்து கூறுவனவற்றுள் அச்சாலைகளும் ஒன்று. அவற்றிற்கு ஐசன்ஹோவர் என்னும் குடியரசுத் தலைவரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. ஆயினும் அச்சாலைகள் எவ்வெவ்வூர்களை இணைக்க வேண்டும், பெருநகரை அணுகியதும் ஒதுங்கிச் செல்ல வேண்டுமா, ஊடே புக வேண்டுமா என்பனவற்றையெல்லாம், ஐசன்ஹோவர் பதவியேற்பதற்குப் பல்லாண்டுகள் முன்னரே கணக்கிட்டு வரைந்து வைத்தவர் வேறொருவர். அவர் ஓர் அரசு ஊழியர். 34 ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் தலைமைப் பொறுப்பு வகித்த சிவில் எஞ்சினீயர். தாமஸ் ஹாரிஸ் மக்டொனால்ட் என்பது அவர் பெயர்.

அவர் வரலாற்றை இம்மலரில் சுருக்கமாகக் கூற விழைகின்றோம். அதில் போற்றத்தக்கதும் உண்டு. எண்ணிப் பார்த்து எச்சரிக்கை கொள்ளத்தக்கதும் உண்டு.

இளமையும் கல்வியும்

மக்டொனால்ட் 1881ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23ஆம் நாள், கொலராடோ மாநிலத்தில் லெட்வில் என்னும் மலைச் சுரங்க ஊரில் பிறந்தார். அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அயோவா மாநிலத்து மான்டசூமா என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் அங்கு வாணிகம் செய்து வந்தார்.

அயோவா வளமான வேளாண் நாடு. அதன் மண் கரிய மண். நாம் வாழும் இவ்விதர்ப்பத்தின் கரிசலை அறிந்தவர்க்கு அம்மண்ணின் இயல்பை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பயிருக்கு அது தாய். வண்டிக்கு அது பகை. மழை பெய்தாலும் பனி உருகினாலும் சக்கரம் அச்சு வரை புதையும். விளைந்த தானியம் களஞ்சியத்தில் கிடக்கும். சந்தையிலோ விலை ஏறும். இடையே உள்ள ஐந்தாறு மைல் தொலைவைக் கடக்க வழியிராது. புகைவண்டி நிலையம் வரை சரக்கு வந்து சேர்ந்தால் அப்பால் நாடெங்கும் செல்லலாம். அந்நிலையம் வரை கொண்டு வருவதே பெரும்பாடு. சேற்றில் சிக்கிய வண்டிகளையும், பள்ளிக்கும் மருத்துவரிடத்திற்கும் செல்ல இயலாமல் வீட்டில் முடங்கிய குடும்பங்களையும் கண்டு வளர்ந்தவர் அவர்.

ஏம்ஸ் நகரில் இருந்த அயோவா மாநிலக் கல்லூரியில் சிவில் எஞ்சினீயரிங் பயின்று 1904ஆம் ஆண்டில் தேர்ச்சி பெற்றார். அங்கு அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஆன்சன் மார்ஸ்டன் என்பார். சாலைகளைச் சீர்திருத்துவது எஞ்சினீயர்களின் கடமை என்னும் கொள்கையுடையவர் அப்பேராசிரியர். மாணவர் மக்டொனால்ட் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சியும் சாலையைப் பற்றியதே. மண் பாதையில் ஒரு பாரத்தை இழுக்க எவ்வளவு விசை வேண்டும், சரளை பாவிய பாதையில் எவ்வளவு குறையும் என்று ஆராய்வது அதன் நோக்கம். நல்ல சாலை வேண்டும் என்று மேடையில் முழங்கியவர் அந்நாளில் பலர். சாலை கெட்டிருப்பதால் உழவன் இழப்பது எவ்வளவு என்பதை எண்ணால் காட்ட முனைந்தவர் சிலரே. எதனையும் அளந்த பின்னரே பேசுவது என்னும் அப்பழக்கம் அவரை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்கவில்லை.

மாநிலப் பணி

1904ஆம் ஆண்டிலேயே அயோவா சட்டமன்றம் சாலைப் பணிக்கு ஆலோசனை கூறும் பொறுப்பை அக்கல்லூரியிடம் ஒப்படைத்தது. அப்பணியை நேரில் நடத்த அமர்த்தப்பட்டவர் இளைஞர் மக்டொனால்ட். அன்று அவருக்கு வயது இருபத்து மூன்று. சொற்பப் பணமும் விரல்விட்டு எண்ணத்தக்க ஊழியர்களுமே துணை. மாவட்டம் மாவட்டமாகச் சென்று, பாதையை மேடுபடுத்துவது எவ்வாறு, மழைநீர் வழிய இருபுறமும் வாய்க்கால் வெட்டுவது எவ்வாறு என்று உழவர்க்குச் செய்து காட்டினார்.

பாலம் கட்டும் குத்தகைக்காரர் சிலர் தமக்குள் பேசி வைத்துக்கொண்டு மாவட்டங்களைப் பங்கிட்டு, கேட்ட விலையைப் பெற்று வந்த காலம் அது. மக்டொனால்ட் பாலங்களுக்கு ஒரே சீரான வரைபடங்களைத் தயாரித்து அளித்தார். மதிப்பீடு இன்னது என்று மாவட்ட அதிகாரிகள் முன்னரே அறிந்துகொண்டால், குத்தகைக்காரர் கூறும் விலை நியாயமானதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாமன்றோ! இதனால் அவருக்குப் பகைவரும் உண்டாயினர்; நேர்மையானவர் என்னும் பெயரும் உண்டாயிற்று. 1913ஆம் ஆண்டில் அயோவாவில் தனியாக நெடுஞ்சாலை ஆணையம் அமைந்தபோது அதன் தலைமை எஞ்சினீயர் ஆனார்.

தலைநகர் அழைத்தது

1916ஆம் ஆண்டில் மாநிலங்களின் சாலைப் பணிக்கு மைய அரசு பொருளுதவி செய்யும் சட்டம் பிறந்தது. உலகப் போர் குறுக்கிட்டமையால் வேலை முன்னேறவில்லை. அத்துறைத் தலைவர் 1918ஆம் ஆண்டு இறுதியில் மறைந்தார். அவ்விடத்திற்கு 1919ஆம் ஆண்டில் மக்டொனால்ட் அழைக்கப்பெற்றார். பொதுச் சாலைகள் துறை அப்போது வேளாண் அமைச்சகத்தின் ஒரு கிளையாக இருந்தது.

அதே 1919ஆம் ஆண்டுக் கோடையில் மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. அமெரிக்கப் படையின் லாரி அணியொன்று வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை மூவாயிரம் மைலுக்கும் மேற்பட்ட தொலைவை நிலவழியே கடந்தது. அதற்கு 62 நாட்கள் பிடித்தன. பாலங்கள் ஒடிந்தன, லாரிகள் சேற்றிலும் மணலிலும் புதைந்தன. அவ்வணியுடன் சென்ற இளம் படை அதிகாரிகளுள் ஒருவர் ஐசன்ஹோவர். அவ்வாண்டில் தலைநகருக்கு வந்த எஞ்சினீயரும், அவ்வாண்டில் சேற்றில் உழன்ற படை அதிகாரியும் 34 ஆண்டுகளுக்குப் பின் ஒருவர்க்கொருவர் எந்நிலையில் எதிர்ப்பட்டனர் என்பதைப் பின்னர்க் காண்போம்.

மக்டொனால்ட் அதிர்ந்து பேசாதவர். எந்நேரமும் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து விறைப்பாகக் காணப்படுவார். இளமையிலேயே உடன்பிறந்தோர் தம்மை மரியாதைச் சொல்லால் விளிக்க வேண்டும் என்று விதித்தவர் என்பர். அலுவலகத்தார் அவரைத் தலைவர் என்றே குறிப்பிட்டனர். ஆனால் மாநிலங்களின் எஞ்சினீயர்களிடம் அவர் அதிகாரம் செலுத்தவில்லை. மைய அரசு பாதிப் பணம் தரும். மாநிலம் பாதி போடும். சாலையை மாநிலமே கட்டும். கட்டியது தரமுடையதா என்று துறை சோதிக்கும். இவ்வேற்பாட்டிற்கு உறுதியான அடிப்படை அமைத்தது 1921ஆம் ஆண்டுச் சட்டம். ஒவ்வொரு மாநிலமும் தன் சாலைகளுள் நூற்றுக்கு ஏழு பங்கினை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். அவை அடுத்த மாநிலத்தின் சாலைகளோடு இணைய வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. ஊருக்கு ஊர் துண்டு துண்டாகக் கிடந்த பாதைகள் அன்றுமுதல் ஒரு வலைப்பின்னலாகத் தொடங்கின.

1926ஆம் ஆண்டில் நாட்டின் முக்கியச் சாலைகட்கு எண்கள் இடப்பட்டன. வடக்கு தெற்காகச் செல்வனவற்றிற்கு ஒற்றைப்படை எண். கிழக்கு மேற்காகச் செல்வனவற்றிற்கு இரட்டைப்படை எண். வண்டிக்கு எண்ணிட்டு நடத்தும் நம் போன்ற ரயில்வேக்காரர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் திசை தெரிந்துவிடுகின்றதல்லவா!

வண்டிகளை எண்ணிய கணக்கு

இனி, மக்டொனால்டின் பெயர் நகர விரைவுச் சாலைகளோடு இணைந்த வரலாற்றைக் கூறுவோம்.

விரைவுச் சாலை என்பது லெவல் கிராசிங் இல்லாத இருப்புப்பாதை போன்றது. குறுக்கே வரும் தெருக்கள் மேலேயோ கீழேயோ பாலத்தின் வழியே கடந்து போகும். குறித்த இடங்களில் மட்டுமே ஏறவும் இறங்கவும் இயலும். இருபுறத்து வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் நேரே அதில் கால் வைக்க முடியாது.

1930களில் இத்தகைய சாலைகளை நாடு முழுவதும் அமைக்க வேண்டும் என்னும் எண்ணம் பரவியது. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வரைபடத்தின் மீது மேற்கு கிழக்காக மூன்று கோடுகளும், வடக்கு தெற்காக மூன்று கோடுகளும் இழுத்து, இவற்றைச் சுங்கச் சாலைகளாக அமைத்தால் வருவாயே செலவை ஈடுசெய்யுமா என்று வினவினார். 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகப் பேரவையும் இது குறித்து ஆராயுமாறு பணித்தது.

மக்டொனால்டிடம் விடையளிக்கத் தேவையான கணக்கு இருந்தது. 1935ஆம் ஆண்டு முதலே அவரும் அவருடைய உதவியாளர் ஹெர்பர்ட் ஃபேர்பேங்க் என்பவரும் மாநிலங்கள்தோறும் சாலையோரங்களில் ஆட்களை அமர்த்தி, எத்தனை வண்டிகள் செல்கின்றன, எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று கேட்டெழுதச் செய்து வந்தனர். 1939ஆம் ஆண்டு ஏப்ரலில் அவ்வறிக்கை பேரவை முன் வைக்கப்பெற்றது.

அதன் முடிவு எல்லோரையும் வியப்பில் ஆழ்த்தியது. கடற்கரைக்குக் கடற்கரை செல்லும் நெடும்பயணிகள் மிகச் சிலர். பெரும்பாலான பயணங்கள் குறுகியவை. ஆகவே சுமார் 14,300 மைல் சுங்கச் சாலை போட்டால் அது தன் செலவைத் தானே தாங்காது. அதற்கு மாறாக, 26,000 மைலுக்கு மேற்பட்ட சுங்கமற்ற சாலைகளை அமைப்பதே தக்கது என்றது அறிக்கை.

இரண்டாவது முடிவு இன்னும் முக்கியமானது. நகரத்தில் நெரிசல் ஏற்படுவதற்குக் காரணம் ஊரைக் கடந்து செல்லும் வெளியூர் வண்டிகளே. நகரைச் சுற்றி ஒரு பாதை போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அதுவரை பலர் நம்பினர். கணக்கு அதனை மறுத்தது. நம் சந்திப்பு நிலையங்களை எண்ணிப் பாருங்கள். பெருநகர் நிலையத்தில் வண்டி நின்றதும் இறங்குவோர் கூட்டம் எவ்வளவு! அந்நிலையத்தைத் தொடாமல் ஒரு சுற்றுப்பாதை போட்டால் அவர்கட்கு என்ன பயன்? அவ்வாறே நகரை நோக்கி வந்த மோட்டார் வண்டிகளுள் பெரும்பகுதி நகருக்குள்ளேயே செல்ல வேண்டியவை. பால்டிமோர் நகரத்தை எடுத்துக்காட்டாக வைத்து அறிக்கை இதனை விளக்கியது. ஆகவே சுற்றுப்பாதை மட்டும் போதாது. நகரின் நடுவிற்கே விரைவுச் சாலை வர வேண்டும் என்பது அதன் துணிபு.

பின்னர் ரூஸ்வெல்ட் அமைத்த குழுவொன்று மக்டொனால்டைத் தலைவராகக் கொண்டு மேலும் ஆராய்ந்து 1944ஆம் ஆண்டில் முழுத் திட்டத்தையும் வெளியிட்டது. அவ்வாண்டே 40,000 மைலுக்கு மிகாத சாலைத் தொகுதி ஒன்றைப் பேரவை ஏற்றது. 1947ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவற்றுள் சுமார் 37,700 மைலுக்குரிய வழிகள் குறிக்கப்பட்டன. வழி குறித்தாயிற்று, ஆனால் தனி நிதி ஒதுக்கப்படவில்லை.

இரு எச்சரிக்கைகள்

நகரின் நடுவே சாலை வந்தால் அங்கே முன்னரே வாழ்பவர் என் செய்வர்? வரைபடத்தில் இழுத்த கோடு ஒருவர் வீட்டின் மேல் விழுந்தே தீரும். நகர மையத்தை அடுத்துள்ள பழைய, சிதைந்த பகுதிகளின் வழியே சாலை செல்வதே ஏற்றது என்று மக்டொனால்டின் அறிக்கைகளே கூறின. நிலம் அங்கு மலிவு. சாலையோடு நகரமும் புதுப்பிக்கப்படும் என்பது அவர்தம் எண்ணம். அப்பழைய பகுதிகளில் வாழ்ந்தோர் ஏழைகள். அவருள் கருப்பின மக்கள் மிகப் பலர். இதனை மறைத்து அவரைப் புகழ்வது முறையன்று.

ஆயினும் அவர் மற்றொன்றும் கூறினார். 1947ஆம் ஆண்டில், சாலை எவ்வளவு அவசரமாயினும் போக்கிடம் அற்றோரின் வீடுகளை இடித்தல் கூடாது என்றும், இடிப்பதற்கு முன்னர் அவர்க்கு வேறு குடியிருப்பு அமைத்துத் தருதல் வேண்டும் என்றும் வெளிப்படையாக வற்புறுத்தினார். சாலைத் திட்டமும் வீட்டுத் திட்டமும் கைகோத்துச் செல்ல வேண்டும் என்பது அவர் கருத்து. பெருநகரங்களில் மக்கள் பொதுப் போக்குவரத்தைக் கைவிட்டுத் தத்தம் மோட்டாருக்கு மாறும் போக்கினைத் திருப்பாவிடில் நெரிசலுக்குத் தீர்வே இராது என்றும் அவர் எச்சரித்தார். நாட்டின் சாலைத் துறைத் தலைவரே இதனைக் கூறினார் என்பது கருதத்தக்கது.

சாலைத் திட்டம் ஏற்கப்பட்டது. எச்சரிக்கைகளோ ஏட்டோடு நின்றன.

ஓய்வும் மறைவும்

1951ஆம் ஆண்டில் மக்டொனால்ட் எழுபது வயதை எய்தினார். அப்போதைய தலைவர் ட்ரூமன் அவரைப் பணியில் நீடிக்கச் செய்தார். 1953 ஜனவரியில் ஐசன்ஹோவர் குடியரசுத் தலைவரானார். புதிய அரசு தனக்கு உகந்தவரை அப்பதவியில் அமர்த்த விரும்பியது. மார்ச்சு இறுதியோடு மக்டொனால்டின் பணி முடிவுற்றது. ஏழு குடியரசுத் தலைவர்களின் கீழ் உழைத்தவர், சேறு நிறைந்த நாட்டில் சாலை வலை பின்னியவர், தம் திட்டத்திற்கு நிதி கிடைக்கும் தறுவாயில் நாற்காலியை விட்டு எழுந்தார். அரசுப் பணியில் இருப்போர்க்கு இது புதிய செய்தியன்று. மேசையில் கோப்பு முடியும் வேளையில் வேறொருவர் கையொப்பமிடுவது உலகியல்பு.

அவர் மனம் சோர்ந்து அமரவில்லை. முதல் மனைவியார் முன்னரே காலமாகியிருந்தார். நெடுநாள் தம் செயலாளராகப் பணியாற்றிய அம்மையாரை அவ்வாண்டே மணந்துகொண்டு டெக்சாஸ் மாநிலத்திற்குச் சென்றார். அங்குள்ள வேளாண் பொறியியல் கல்லூரியில் போக்குவரத்து ஆராய்ச்சிக்குத் துணை நின்றார்.

1956ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் ஐசன்ஹோவர் பெருஞ்சாலைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். 41,000 மைல் சாலை. செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மைய அரசுடையது. வழிகளோ பெரும்பாலும் மக்டொனால்ட் காலத்தில் குறிக்கப்பட்டவை. அதனைக் காணும் பேறு அவருக்குக் கிட்டியது. அடுத்த ஆண்டு, 1957 ஏப்ரல் 7ஆம் நாள், டெக்சாஸ் மாநிலத்துக் காலேஜ் ஸ்டேஷன் என்னும் ஊரில் தம் 75ஆம் வயதில் காலமானார்.

பின் நிகழ்ந்தவை

அவருக்குப் பின் சாலைகள் விரைந்து எழுந்தன. ஊர்களுக்கு இடையே அவை நன்மையே விளைத்தன. பொருள்கள் விரைந்து சென்றன. எதிரெதிர் வண்டிகள் மோதும் விபத்துகள் அச்சாலைகளில் அரிதாயின. நகரங்களுக்குள்ளேதான் துன்பம் விளைந்தது.

மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் ரோண்டோ என்றொரு பகுதி இருந்தது. கருப்பின மக்கள் தம் உழைப்பால் வீடும் கடையும் கோவிலும் சங்கமும் அமைத்து வாழ்ந்த இடம் அது. 1956ஆம் ஆண்டிற்குப் பின் அதன் நடுவே பெருஞ்சாலை வந்தது. பல நூறு குடும்பங்கள் சிதறின. இன்னார் வீட்டிற்கு இப்புறம் இன்னார் கடை என்று வழி கூறுவதற்கும் அங்கு ஒன்றும் எஞ்சவில்லை. 2015ஆம் ஆண்டில் அம்மாநிலப் போக்குவரத்துத் துறைத் தலைவரும் அந்நகர மேயரும் அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கோரினர். அறிக்கையில் எடுத்துக்காட்டாக விளங்கிய பால்டிமோர் நகரத்தின் கதி இன்னும் கொடிது. நகரின் மேற்கே நூற்றுக்கணக்கான வீடுகளை இடித்து விரைவுச் சாலை தொடங்கினர். மக்கள் எதிர்ப்பால் மேற்கொண்டு வேலை நடைபெறவில்லை. ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்ட நீளத்தில், எங்கும் சென்று சேராத சாலையாக அது நின்றுவிட்டது. சான் பிரான்சிஸ்கோ நகர மக்கள் விழித்துக்கொண்டு 1959ஆம் ஆண்டிலேயே பல திட்டங்களை நிறுத்தச் செய்தனர்.

வீடிழந்தோர்க்கு உதவியும் ஈடும் வழங்குவதைக் கடமையாக்கும் பொதுச் சட்டம் 1970ஆம் ஆண்டில்தான் பிறந்தது. மக்டொனால்ட் அக்கருத்தைக் கூறிய 23 ஆண்டுகளுக்குப் பின், அவர் மறைந்த 13 ஆண்டுகளுக்குப் பின்!

நாம் கருதத்தக்கது

ஒருவர் வகுத்த திட்டத்தில் நமக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட்டால், விளையும் தீமைக்கு வகுத்தவர் பொறுப்பா, எடுத்தவர் பொறுப்பா? இருவரும் பொறுப்பே என்பது நம் எண்ணம். வண்டிகள் எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று ஒன்றொன்றாக எண்ணிய மக்டொனால்ட், வழியில் இருந்த வீடுகளையும் அவ்வாறே எண்ணி, அக்கணக்கையும் திட்டத்தின் முதற் பக்கத்தில் சேர்த்திருக்க வேண்டும். எச்சரிக்கையை எச்சரிக்கையாக மட்டும் கூறினார். சட்டத்தின் விதியாக ஆக்குவதற்குள் அவர் காலம் முடிந்துவிட்டது. ஆயினும் பதவியிலிருந்த நாளிலேயே அதனைத் துணிந்து கூறியவர் அவர் என்பதை மறத்தல் நன்றியன்று.

பிறந்த ஊரை விட்டு வந்து, வேற்று மொழி வழங்கும் நகரில் ஒரு தெருவைத் தம் தெருவாக்கிக்கொண்ட நமக்கு ரோண்டோ மக்களின் இழப்பு எளிதில் விளங்கும். பத்துக் குடும்பங்கள் கூடி ஒரு சங்கமும், பிள்ளைகளுக்கு ஒரு தமிழ் வகுப்பும் நிலைபெறச் செய்ய எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை இம்மலரைப் படிக்கும் பெரியோர் அறிவர். இடிக்கப்படும் சுவருக்கு விலை கணக்கிடலாம். அண்டை அயலாருக்கு எவ்விதம் கணக்கிடுவது?

நம் குடியிருப்புப் பிள்ளைகள் பலர் எஞ்சினீயரிங் பயில்கின்றனர். நாளை அவருள் சிலர் நகரங்களுக்குச் சாலையும் மேம்பாலமும் மெட்ரோப் பாதையும் வரையக்கூடும். அவர்கட்கு மக்டொனால்டிடமிருந்து இரண்டு பாடங்கள் உண்டு. அளந்த பின்னரே பேசுவது ஒன்று. மற்றொன்று, கோடு இழுத்த பின் அக்கோட்டின் வழியே ஒருமுறை கால்நடையாக நடந்து சென்று, அங்குள்ள ஒவ்வொரு வாயிற்படியிலும் வாழ்பவர் யார், அவர் போக்கிடம் யாது என்று கேட்டறிவது. முன்னதை அவர் செய்து காட்டினார். பின்னதைச் சொல்லிச் சென்றார். செய்து முடித்தல் நம் இளைஞர்களின் கடன்.